5,000 ரூபாய், ஒன்பது பிள்ளைகள்: வள அறைக்கு என்ன வாங்கலாம்?

புதுச் சிறப்பாசிரியர்

வணக்கம். அரசு நடுநிலைப் பள்ளி வள அறையில் (சிறப்புக் கவனம் வேண்டிய பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்கிற அறை) வாரம் மூன்று நாள் வேலை. ஒன்பது பிள்ளைகள், வயது ஆறிலிருந்து பதிமூன்று வரை. நாலு பேருக்கு அறிவுசார் குறைபாடு, மூன்று பேருக்கு ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ள பையன் ஒருவன் (வலது கை சரியாக விரியாது), குறைபார்வை உள்ள பெண் ஒருத்தி. தொட்டுச் செய்து கற்கிற பொருள்கள் வாங்க 5,000 ரூபாய் தருவதாகத் தலைமையாசிரியர் சொல்கிறார், வெள்ளிக்கிழமைக்குள் பட்டியல் வேண்டுமாம். ஒரு விற்பனையாளர் 4,800 ரூபாய்க்கு ஒரு பெட்டி காட்டினார். மர வடிவங்கள், பிளாஸ்டிக் பழங்கள், ஆங்கில எழுத்து அட்டை எல்லாம் பளபளவென்று இருக்கிறது. ஆனால் முன்பு வந்த இதே மாதிரிப் பெட்டி ஒன்று பீரோவில் பூட்டியே கிடக்கிறது, ஏதாவது உடைந்தால் நான் பதில் சொல்ல வேண்டும் என்று பயம். நீங்களாக இருந்தால் என்ன வாங்குவீர்கள்?

பதினெட்டு வருட டீச்சர்

பெட்டி வேண்டாம் சார். பிளாஸ்டிக் வாழைப்பழத்தைக் காட்டி வாழைப்பழம் சொல்லிக்கொடுப்பதற்கு, ஒரு வாழைப்பழம் வாங்கி வந்தால் தோல் உரிப்பது, துண்டு போடுவது, பங்கு வைப்பது எல்லாம் சேர்ந்தே நடக்கும், கடைசியில் சாப்பிட்டும் விடலாம்.

பணமும் அப்படித்தான். விளையாட்டுக் காசை வைத்து ஒரு பையனுக்கு ஆறு மாதம் சொல்லிக்கொடுத்தேன், வகுப்பில் டக் டக்கென்று எடுத்துக் கொடுப்பான், கடைக்குக் கூட்டிப்போனால் நிஜக் காசைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான். எடை வேறு, அளவு வேறு, அவனைப் பொறுத்தவரை அது வேறு பொருள். அதற்கப்புறம் நிஜ நாணயம்தான். 20 ரூபாய்க்குப் பன்னிரண்டு பக்கம் இருப்பதால் தடவியே கண்டுபிடிப்பார்கள், ஒன்றும் இரண்டும்தான் குழப்பும், அதற்கு நாள் ஒதுக்குங்கள்.

எண்ணுவதற்கு ஐஸ் குச்சியும் ரப்பர் பேண்டும். பத்துக் குச்சியை அவனே கட்டி, வேண்டும்போது அவனே அவிழ்த்துப் பார்க்க வேண்டும். மணிச்சட்டத்தில் இரண்டாவது கம்பியில் இருக்கிற ஒரு மணிதான் பத்து என்று நாம் சொல்வதை அவன் நம்பித்தான் ஆக வேண்டும், குச்சிக் கட்டுக்குள் நிஜமாகவே பத்து இருக்கிறது. அப்புறம் பல்லாங்குழி ஒன்று, கூடவே கொஞ்சம் புளியங்கொட்டை. குழிக்கு ஒன்று என்று போட்டுக்கொண்டே போவதில் ஒன்றுக்கு ஒன்று பொருத்தம் வந்துவிடும், அடுத்தவன் ஆடி முடிக்கும்வரை பொறுத்திருப்பதும் வரும்.

இயன்முறை அக்கா

பல்லாங்குழி சரி டீச்சர், புளியங்கொட்டைதான் கூடாது. கிடைத்ததை வாயிலும் மூக்கிலும் போடுகிற பிள்ளை ஒன்பதில் ஒன்றாவது இருக்கும். வாய்க்குள் முழுசாகப் போகாத பெரிய மர மணியோ மூடியோ வையுங்கள், குழி அதற்குச் சின்னதாக இருந்தால் பதினாலு கிண்ணம் போதும்.

தம்பி, மணல் தட்டு வாங்கினால் ஒன்று கவனியுங்கள். ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்கு மணல், மாவு கையில் படுவதே தாங்காது. கையைப் பிடித்து அமுக்காதீர்கள், பிரஷ்ஷோ குச்சியோ கொடுத்து எழுதச் சொல்லுங்கள், விரல் தானாக வரும்போது வரட்டும். மூளை முடக்குவாதப் பையனுக்குப் புதிதாக எதுவும் தேவையில்லை, தட்டு நழுவாமல் இருக்க அடியில் ஈரத்துணி, பென்சிலைப் பருமனாக்கப் பழைய சைக்கிள் டியூப் துண்டு, இது போதும். குறைபார்வைப் பெண்ணுக்குக் கறுப்பு அட்டையில் தடித்த மஞ்சள் எழுத்து. தயவுசெய்து லேமினேட் செய்ய வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்தால் அவளுக்கு எழுத்தே தெரியாது.

ஆறாம் வகுப்புப் பையனின் அப்பா

ஆசிரியர் இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கான கற்றல் பொருள் பெட்டியை மத்திய அரசின் அடிப் (ADIP, மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிப் பொருள் தருகிற) திட்டத்தில் இலவசமாகத் தருகிறார்கள், செகந்திராபாத்தில் இருக்கிற தேசிய நிறுவனம் வடிவமைத்தது. ஊனமுற்றோர் சான்றிதழும் வருமானச் சான்றும் கேட்பார்கள். நாலு பிள்ளைகளின் பெற்றோரையும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். எங்களுக்கு வந்தது.

பள்ளிப் பணத்தில் ஹார்டுவேர் கடை உப்புத்தாள் வாங்கித் தமிழ் எழுத்து வெட்டிக்கொள்ளுங்கள், கடையில் விற்பது பெரும்பாலும் ஆங்கிலம்தான். நைசான தாளாக வாங்குங்கள், சொரசொரப்பு அதிகமானால் விரல் எரிகிறது என்று இவன் தொடவே மாட்டேன் என்றான். எங்கள் வீட்டில் ட, ப, ம முதலில், சுழி போட்ட எழுத்தெல்லாம் ரொம்பப் பின்னால். ன, ண இரண்டையும் ஒரே வாரத்தில் வைத்து நான் பட்ட பாடு போதும்.

பதினெட்டு வருட டீச்சர்

புளியங்கொட்டை விஷயத்தில் அக்கா சொல்வது சரி, என் வகுப்பில் எல்லாம் பெரிய பிள்ளைகள், அதனால் தோன்றவில்லை. அந்தப் பீரோ விஷயத்துக்கு ஒன்று: குச்சி, உப்புத்தாள், அட்டை எல்லாவற்றையும் நுகர்பொருள் பதிவேட்டில், அதாவது பயன்படுத்தித் தீர்ந்துபோகிற பொருளின் பதிவேட்டில், எழுதச் சொல்லிக் கேளுங்கள். இருப்புப் பதிவேட்டில் ஏறிவிட்டால் ஒவ்வொரு குச்சிக்கும் கணக்குக் கேட்பார்கள், பிள்ளை கைக்கு எதுவும் போகாது.

புதுச் சிறப்பாசிரியர்

எல்லோருக்கும் நன்றி. நேற்றே பீரோவைத் திறந்துவிட்டேன். பழைய பெட்டியில் பெரிய மர மணி ஒரு பை நிறைய இருக்கிறது, பல்லாங்குழிக்கு அதுவே ஆகும். பட்டியல் 2,300 ரூபாயைத் தாண்டவில்லை, மீதியை மாதாமாதம் பழம், மாவு, காய்கறி வாங்க வைக்கலாமா என்று கேட்டேன், தலைமையாசிரியர் பில் இருந்தால் சரி என்றார். நாணயத்துக்கு எந்தக் கடையில் பில் வாங்குவது என்றுதான் தெரியவில்லை, அது என் பையிலிருந்தே போகட்டும்.