வெயில் கால முகாமில் கிளாஸ் அயனோமர்: வழி சொல்லுங்கள்

வணக்கம் டாக்டர்களே. ராமநாதபுரம் கடலோரத்தில் ஒரு பள்ளியில் பல் முகாம் நடத்தப் போகிறோம். டிரில் கிடையாது. சொத்தையைக் கைக்கருவியால் சுரண்டிவிட்டு, டைப் 9 கிளாஸ் அயனோமர் (கண்ணாடித் தூளையும் அமிலத் திரவத்தையும் கலந்து செய்யும் அடைப்புப் பொருள்) வைத்து அடைக்கும் ஏ.ஆர்.டி. முறைதான்.

சிக்கல் வெயில். பிள்ளையைச் சமாதானப்படுத்தி வாயைத் திறக்க வைப்பதற்குள் கலவையின் பளபளப்பு போய்விடுகிறது. பல்லின் கால்சியத்தைப் பிடிக்க வேண்டிய, அமிலத் திரவத்தில் உள்ள கார்பாக்சில் குழுக்கள் அதற்குள் கண்ணாடித் தூளோடு வினைபுரிந்து தீர்ந்துவிட்டன என்று அர்த்தம். அப்புறம் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். திரவத்தைக் கூடுதலாக ஊற்றி இளக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. உறுதி குறையும், கரைவதும் அதிகமாகும். திரவப் புட்டியை ஃபிரிட்ஜில் வைத்தால் அது கெட்டியாகிவிடும்.

ஆகவே கலவை மெதுவாக இறுக, கலக்கும் கண்ணாடிப் பலகையை மட்டும் ஐஸ் பெட்டியில் குளிர வைக்கலாம். ஆனால் கடல்காற்றில் எடுத்த நொடியே பலகை வியர்த்து நிற்கிறது. அந்தத் தண்ணீர் கலவையில் சேர்ந்தால் விகிதமே கெடும். நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

இன்னொன்று. அடைப்பு கால்சியம் பிணைப்பில் சில நிமிடங்களில் இறுகினாலும், அலுமினியம் பிணைப்பு முடிய ஒரு நாளாவது ஆகும். அதுவரை எச்சில் படக்கூடாது, காயவும் கூடாது. வாஸ்லின் தடவினால் மதியச் சத்துணவோடு அது போய்விடும். வார்னிஷ் கூடுதல் நேரம் நிற்குமா? முகாமில் பயன்படுத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

தூளும் திரவமும் அளவோடு அடைத்து வரும் காப்ஸ்யூல் வாங்கச் சொல்லாதீர்கள், ப்ளீஸ். கலக்கும் இயந்திரத்துக்கு அங்கே நம்பகமான கரண்ட் இல்லை!