பணத்தை வாங்கிக்கொண்டு விருப்பப்படி வாக்களித்தால் என்ன தவறு?

தென்கரைவாசி:
தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு எங்கள் தெருவுக்கு வாக்காளர் பட்டியலோடு வருகிறார்கள். வீட்டில் எத்தனை ஓட்டு என்று எண்ணி, பெயருக்கு நேராகக் குறியிட்டு, உறையைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். "நம்மிடம் அடித்த பணம்தானே, வாங்கிக்கொண்டு மனச்சாட்சிப்படி ஓட்டுப் போடு" என்கிறார் பெரியப்பா. அவருக்கு என்ன பதில் சொல்வது? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

சட்டமாணவன்:
கொடுப்பவர் மட்டுமல்ல, வாங்குபவரும் குற்றவாளிதான். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதாவின் 170, 173 பிரிவுகளின்படி ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். தண்டனையைவிடப் பெரிய இழப்பு ஊருக்குத்தான். பணப் பட்டுவாடாவால் 2016 மே மாதம் நடக்க வேண்டிய தேர்தல் தள்ளிப்போனதால், அரவக்குறிச்சியும் தஞ்சாவூரும் நவம்பர் வரை சட்டமன்ற உறுப்பினர் இல்லாமல் இருந்தன. ஆர்.கே. நகரில் 2017 ஏப்ரல் இடைத்தேர்தல் ரத்தாகி, டிசம்பரில்தான் நடந்தது. 2019இல் வேலூர் மக்களவைத் தொகுதிக்கும் இதே கதி நேர்ந்தது.

சமையற்கட்டு:
ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த விவாதம் வந்தாலே சிலர் சத்துணவையும் இலவச சைக்கிளையும் இந்த உறையோடு ஒரே தட்டில் வைக்கிறார்கள். அது ஏழைகளுக்குச் செய்யும் அநியாயம். பள்ளியில் கிடைக்கும் சோறு, யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று கேட்காமல் எல்லாக் குழந்தைக்கும் கிடைக்கிறது. நிதிநிலை அறிக்கையில் அதற்குக் கணக்கு உண்டு, தரம் குறைந்தால் கேள்வி கேட்கலாம். தொலைக்காட்சி, மிக்சி போன்றவை வேறு வகை என்றாலும், தேர்தல் அறிக்கை வாக்குறுதி சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்றுதான் உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில், இதற்கு நெறிமுறை வகுக்குமாறு தேர்தல் ஆணையத்துக்கும் உத்தரவிட்டது. உறையில் வருவது அப்படியல்ல. கொடுத்தவர் அன்றே கணக்கை முடித்துக்கொள்கிறார். பிறகு சாக்கடை அடைப்பைச் சொல்லப் போனால், "அதான் வாங்கினீர்களே" என்ற பார்வைதான் கிடைக்கும். மனச்சாட்சிப்படி வாக்களித்தவரும் அந்தப் பார்வைக்குத் தப்ப முடியாது.

ஊராட்சிக்காரன்:
பெரியப்பாவின் கோபம் நியாயமானது. அந்தக் கோபத்தைச் செலுத்த வேண்டிய இடம் கிராம சபை. சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் அது கூட வேண்டும். ஊராட்சியின் வரவு செலவை அங்கே எவரும் கேட்கலாம். ஆனால் பல ஊர்களில், நூறு நாள் வேலைக்கு வருபவர்களிடம் கையெழுத்து வாங்கியதோடு கூட்டம் முடிந்துவிடுகிறது. ஓட்டுக்கு நோட்டு வாங்குவதைக் கண்டிக்கும் படித்தவர்களில் எத்தனை பேர் அங்கே போய் உட்கார்கிறோம் என்பதை நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

போகும்போது தனியாகப் போகாதீர்கள், நான்கைந்து வீட்டார் சேர்ந்து போங்கள். கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் பதிவாகும் வரை இருங்கள். நகல் தர மறுத்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு விண்ணப்பியுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தந்தாக வேண்டும்.