பனி விலகிய சாலையில் எதிர்ப்பட்டவர்கள்

ஓய்வுச்சக்கரம்

வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், பனி விலகியதும் எடுக்கும் முதல் சவாரியை விடியும்போதே முடித்துவிட வேண்டியிருக்கும். பகலில் உருகிய நீர் இரவில் மறுபடி உறைந்து, கண்ணுக்குத் தெரியாத படலமாகச் சாலையில் கிடக்கிற நேரம் அது. இப்போது பணி ஓய்வு. காலை பத்து மணிக்கு, வெயில் ஏறி அந்தப் படலம் கரைந்து ஓடிய பிறகு, நிதானமாகச் சைக்கிளை வெளியே எடுக்கிறேன். முதுமையைப் பற்றி அலுத்துக்கொள்கிறவர்கள் இந்த ஒன்றையாவது வரவில் எழுதிக்கொள்ளலாம்.

இந்த முறை பனி விடாமல் கொட்டியது. ஒதுக்கித் தள்ளிய பனிமேடுகள் இன்னும் சாலையோரத்தை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. மேலே புழுதியும் புகைக்கரியும் படிந்து, பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது. வெண்பனியின் அழகைப் பாடுகிறவர்கள் மார்ச் மாதத்தில் வந்து பார்க்க வேண்டும். ஆனால் நான் சொல்ல வந்தது பனிக்குப் பிறகு எதிர்ப்படும் மனிதர்களைப் பற்றி.

ஆற்றோரப் பாதையில் என்னைப் போலவே ஓட்டும் முதியவர்கள் சிலர் உண்டு. யாருடைய பெயரும் எனக்குத் தெரியாது. வண்டியைக் கொண்டுதான் அடையாளம். சிவப்பு மட்கார்டுக்காரர், பெல் இருந்தும் விசிலடித்து வழி கேட்பவர், முன்கூடையில் நாயை உட்காரவைத்து வரும் அம்மையார். நவம்பரில் கையசைத்துப் பிரிந்தால் மறுபடி பார்ப்பது மார்ச்சில்தான். எங்கள் வயதில் அது சின்ன இடைவெளி அல்ல. வாய்விட்டு யாரும் சொல்வதில்லை. ஆனால் வசந்தத்தின் முதல் சில வாரங்களில் ஒவ்வொருவரும் மற்றவர்களை எண்ணிக்கொண்டேதான் ஓட்டுகிறோம். யார் வந்தார், யாரைக் காணோம்.

இந்த ஆண்டு பச்சைச் சைக்கிள்காரரைக் காணவில்லை. பாலத்துக்கு ஏறும் மேட்டில் எப்போதும் என்னைத் தாண்டிப் போகிறவர். தாண்டும்போது திரும்பிப் பார்க்காமல் ஒரு விரலை மட்டும் உயர்த்துவார். மார்ச் முடியப் போகிறது, ஆள் வரவில்லை. விசிலடிப்பவரிடம் கேட்கலாம் என்று நினைப்பேன். என்ன பதில் வருமோ என்று விட்டுவிடுவேன்.

போன வாரம் அதே மேட்டில் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டிருந்தேன். இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி, சிறிதும் இரைக்காமல் ஒருவர் தாண்டினார். ஒரு விரல் உயர்ந்தது. வண்டி பச்சை அல்ல, சாம்பல் நிறம். சட்டத்தில் தடித்த பேட்டரி. மேட்டின் உச்சியில் எனக்காக நின்றார். இத்தனை ஆண்டுகளில் அவர் நின்று நான் பார்த்ததே இல்லை.

“முழங்கால் மூட்டை மாற்றிவிட்டார்கள். மோட்டார் இல்லாமல் இந்த மேடு இனி எனக்கு ஆகாது. ஏமாற்று வேலை என்று நினைக்கிறீர்களா?” என்றார்.

“எப்படியும் நீங்கள் என்னை முந்தத்தான் போகிறீர்கள். எதைக் கொண்டு முந்தினால் எனக்கென்ன?” என்றேன்.

அன்றுதான் முதன்முறையாகச் சேர்ந்து ஓட்டினோம். மனிதர் ஓயாமல் பேசுகிறார். இத்தனை காலம் அவர் வேகமாகப் போனதே எனக்கு நல்லதாக இருந்திருக்கிறது என்று தோன்றியது.

உங்களுக்கு இந்த வசந்தத்தில் யார் எதிர்ப்பட்டார்கள்? எழுதுங்கள்.

சங்கிலி எண்ணெய்

எனக்கு எதிர்ப்பட்டது, சைக்கிளைத் தோளில் சுமந்து வந்த ஓர் இளைஞன். பஞ்சர் என்று நினைத்து நிறுத்தினேன். பஞ்சர் இல்லை, செயின் துருவேறி, கணுக்கள் மடங்கவே மறுத்தன. பனிக்காலம் முழுவதும் அந்த வண்டியில்தான் வேலைக்குப் போனானாம். உழைப்பாளிதான். ஆனால் அந்த வண்டி ஒரு சொட்டு எண்ணெயைக் கண்டதில்லை.

சாலையில் தூவும் உப்பின் கைவரிசை இது. சாதாரண உப்பு, அதாவது சோடியம் குளோரைடு, ஏறக்குறைய மைனஸ் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் பனியை உருக்கத் திணறும். அதனால் கடுங்குளிரில் கால்சியம் குளோரைடையும் சேர்த்துப் பயன்படுத்துவார்கள். அது காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும் பொருள். ஆகவே வண்டியைக் கூரைக்கு அடியில் நிறுத்திவிட்டேன் என்று நிம்மதியாக இருக்க முடியாது. கணுக்களுக்குள் ஈரம் தங்கி, நீங்கள் தூங்கும்போதும் அரித்துக்கொண்டே இருக்கும்.

வசந்தம் வந்ததும் முதலில் வெதுவெதுப்பான நீரால் மெல்லக் கழுவுங்கள். அழுத்தக் குழாயை மட்டும் தொடாதீர்கள். அது உப்பு நீரை நேரே பேரிங்குக்குள் தள்ளிவிடும். பிறகு துடைத்து, காயவைத்து, எண்ணெய் விடுங்கள். செயின் தேய்மானத்தை அளக்க ஓர் அளவுகோலே போதும். புதிய செயினில் 24 கணுக்களின் நீளம் 304.8 மில்லிமீட்டர். அதுவே 306.3 ஆகிவிட்டால் அரை சதவீதம் நீண்டிருக்கிறது என்று பொருள். மாற்றிவிடுவது நல்லது, இல்லையென்றால் பற்சக்கரங்களையும் சேர்த்துத் தின்றுவிடும். இருக்கைக் கம்பத்தையும் ஒருமுறை உருவிக் கிரீஸ் தடவிச் செருகுங்கள். எஃகுச் சட்டத்தில் அலுமினியக் கம்பம் என்றால், உப்பு நீர் பட்டு இரண்டும் ஒன்றோடொன்று இறுகிப்போகும். அப்படி இறுகியதைப் பிரித்தெடுப்பது ஒரு நாள் வேலை, வாயில் வரும் வசவுகள் தனி.

ஓய்வுச்சக்கரம் ஐயா, உங்கள் நண்பரின் வண்டியில் மோட்டார் மிதிகளுக்கு நடுவில் இருந்தால், அவரிடமும் இதைச் சொல்லுங்கள். மோட்டாரின் இழுவையும் சேர்ந்துகொள்வதால் செயின் இன்னும் சீக்கிரம் தேயும்.

அந்தப் பையனின் செயினைக் கணு கணுவாக அசைத்து, என்னிடமிருந்த எண்ணெயை விட்டு, ஒரே கியரில் ஓடுகிற அளவுக்குச் செய்து கொடுத்தேன். “எத்தனை நாளுக்கு ஒருமுறை எண்ணெய் விட வேண்டும்?” என்று கேட்டான். “உப்பு பட்ட ஒவ்வொரு நாளும்” என்றேன். முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

காற்றுக்கெதிரே

எனக்கு எதிர்ப்பட்டது மனிதர் அல்ல, ஒரு பெருவாத்து. குளக்கரைப் பாதையின் வளைவில் நடுநாயகமாக நின்றது. நான் நெருங்கியதும் கழுத்தைத் தாழ்த்தி நீட்டி, இறக்கைகளை விரித்துச் சீறியது. சற்றுத் தள்ளிப் புல்லில் பெட்டை அடைகாத்துக்கொண்டிருந்தது. நான் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வகுப்பு முழுவதையும் ஒரு பார்வையால் அடக்கியிருக்கிறேன். வாத்து அடங்கவில்லை.

இறங்கி, சைக்கிளை இருவருக்கும் நடுவில் நிறுத்திக்கொண்டு, அதைப் பார்த்தபடியே மெல்லப் பின்வாங்கினேன். முதுகைக் காட்டி ஓடினால் துரத்தும். அதே நேரம் மறுபக்கத்திலிருந்து ஓர் இளைஞர் வந்து நின்றார். பந்தயக்காரர் உடை, பளீரென்ற வெள்ளைக் காலணி. நடுவில் வாத்து. அதன் தலைக்கு மேலேதான் எங்கள் பேச்சுவார்த்தை நடந்தது. “அம்மா, நீங்கள் முதலில் வாருங்கள்.” “இல்லை தம்பி, நீங்கள்தான் இளவயது.” கடைசியில் அவர் பாதையை விட்டு இறங்கிச் சேற்றைச் சுற்றிக்கொண்டு வந்தார். பனி உருகிய நிலம் அல்லவா, கணுக்கால் வரை உள்ளே போனது. காலணியின் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. நான் வந்த வழியே திரும்பிவிட்டேன்.

வாட் கணக்கன்

ஐயா, கொஞ்சம் மாறுபடுகிறேன். உங்கள் எழுத்தில், வயதானால் மெல்லப் போவதுதான் அழகு என்கிற தொனி இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பிரான்சின் ராபர்ட் மர்ஷான் 1911-இல் பிறந்தவர். 2012-இல், நூறு வயதில், ஒரு மணி நேரத்தில் 24.25 கிலோமீட்டர் ஓட்டினார். அதன் பிறகு முறையாகப் பயிற்சி எடுத்து, 2014-இல் அதே ஒரு மணி நேரத்தில் 26.927 கிலோமீட்டர் போனார். நூறைத் தாண்டிய பிறகு வேகம் கூடியிருக்கிறது! 2017-இல், 105 வயதில், மறுபடி வந்து 22.547 கிலோமீட்டர் ஓட்டினார். அவர் மேட்டில் ஒதுங்கி வழிவிடுகிறவராக எனக்குத் தெரியவில்லை.

பனிக்காலத்தில் நான் வீட்டுக்குள் நிலைச்சைக்கிளில் மிதிக்கிறேன். சலிப்புத்தான், மறுக்கவில்லை. ஆனால் மார்ச்சில் கால்கள் தயாராக இருக்கின்றன. தயாராக இல்லாதது தோல்தான். காற்றின் வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸாக இருக்கும்போது, 30 கிலோமீட்டர் வேகக் காற்று முகத்தில் அடித்தால் ஏறக்குறைய 0 டிகிரி போல உறைக்கும். வீட்டுக்குள் அந்தப் பாடம் கிடைப்பதில்லை. முதல் இறக்கத்தில் விரல்கள் மரத்துப்போய் பிரேக்கைப் பிடிக்க முடியாமல் ஓரமாக ஒருவர் நின்றிருந்தார். என்னிடம் மாற்றுக் கையுறை இருந்தது, கொடுத்தேன். இன்னும் திருப்பித் தரவில்லை. இதைப் படிக்கிறவர் அவரானால், வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுச்சக்கரம்

வாட் கணக்கன் தம்பி, மர்ஷானுக்கு நானும் தலைவணங்குகிறேன். 109 வயதுவரை வாழ்ந்து 2021-இல் மறைந்தார். ஆனால் அவர் ஓட்டியது கூரை வேய்ந்த பந்தயத் தளத்தில்; அங்கே குழியும் இல்லை, பனிக்குத் தூவிய மணலும் இல்லை. என் சாலையில் இரண்டும் உண்டு. விரிசலுக்குள் புகுந்த நீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும். பகலில் உருகி இரவில் உறைவது நாள்தோறும் நடந்தால் தார் பெயராமல் என்ன செய்யும்? அந்தக் குழியில் நீர் நிரம்பியிருக்கும்போது ஆழம் விரலளவா முழங்கையளவா என்று மேலிருந்து தெரியாது. மெல்லப் போவதை நான் அழகு என்று சொல்லவில்லை, தம்பி. இடுப்பெலும்பு பத்திரமாக இருக்கும் என்றுதான் சொல்கிறேன். ஜூன் மாதத்தில், சாலையைக் கூட்டி முடித்த பிறகு, அந்த மேட்டுக்கு வாருங்கள், அப்போது பேசிக்கொள்வோம்.

இன்னொரு சந்திப்பையும் எழுதிவிடுகிறேன். மாலையில் ஓட்டும் நண்பர்களுக்குத் தேவைப்படும். மார்ச் 20-ஐ ஒட்டிய நாட்களில் சூரியன் ஏறக்குறைய நேர் மேற்கில் மறைகிறது. மேற்கு நோக்கிப் போகும் சாலையில் வண்டியோட்டுகிறவரின் கண்ணுக்கு நேரே வெயில் அடிக்கும். அன்று குறுக்குச் சாலையில் எனக்கு முன்னுரிமை. வந்த கார் நிற்கும் என்று நம்பி நான் போயிருக்கலாம். ஓட்டுநரின் முகத்தைப் பார்த்தேன். கண்ணைச் சுருக்கி, கையை நெற்றியில் வைத்திருந்தார். நின்றுவிட்டேன். என்னைத் தாண்டிய பிறகுதான் அந்தப் பெண்மணிக்கு நான் தென்பட்டேன். காரை ஓரங்கட்டி, இறங்கி வந்து, கை நடுங்க மன்னிப்புக் கேட்டார். பளிச்சென்ற மேல்சட்டையும் எரியும் விளக்கும் இருந்தும் எதிர்வெயிலில் ஒன்றும் தெரியவில்லை என்றார். நிழல் நமக்கு முன்னே நீளமாக விழுந்தால் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, எதிரே வருகிறவருக்கு நாம் தெரியமாட்டோம். நம்முடன் ஒரே திசையில் வருகிறவருக்கோ, நம் நிழல் பின்னால் விழும் நேரம்தான் ஆபத்து.

காற்றுக்கெதிரே அம்மா, உங்கள் வாத்து இருக்கும் குளத்தைத் தாண்டித்தான் நாய்க்கூடை அம்மையாரும் போகிறார் போலிருக்கிறது. நேற்று பார்த்தேன். நலம். நாய்க்குத்தான் வயதாகிவிட்டது, குரைக்கவே இல்லை. இனி என் கணக்கில் பாக்கி சிவப்பு மட்கார்டுக்காரர் ஒருவர்தான். விசிலடிப்பவரிடம் கேட்டுவிட்டேன். அவர் பேத்தியின் திருமணத்துக்குப் போயிருக்கிறாராம், ஏப்ரலில்தான் வருவாராம்.

நாளை மேற்கிலிருந்து பலமான காற்று என்கிறார்கள். தெம்பு இருக்கும்போதே எதிர்க்காற்றில் மேற்கே போய், திரும்பும்போது அதுவே முதுகைத் தள்ளும்படி வரப் போகிறேன். பச்சைக்காரரும் வருகிறார், பேட்டரி தீர்ந்தால் நான் தள்ள வேண்டும் என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறார்.