ஃபீட் ஃபார்வர்ட் போட்டும் வெப்பநிலை ஆடுகிறதா?

நீராவியில் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் பிஐடி (வெளியேறும் வெப்பநிலை விலகியதைப் பார்த்து நீராவி வால்வைத் திருத்தும் கட்டுப்பாடு) மட்டும் இருந்தால், வரத்து திடீரென ஏறும்போது வெளியேறும் நீர் ஆறிய பிறகுதான் வால்வு அசையும். வரத்தை ஃப்ளோ மீட்டரில் பார்த்து முன்கூட்டியே நீராவியைக் கூட்டத்தான் ஃபீட் ஃபார்வர்ட். கணக்கு சின்னது: மணிக்கு 6,000 கிலோ தண்ணீரை 30-லிருந்து 70 டிகிரிக்கு ஏற்ற சுமார் 280 கிலோவாட். 3 பார் கேஜ் (வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் 3 பார்) நீராவியில் மணிக்கு 470 கிலோ வரும். வரத்து 9,000 ஆனால் 705.

வம்பு வால்வில்தான். ரேஞ்சபிலிட்டி (கட்டுப்படுத்தக்கூடிய அதிகபட்ச, குறைந்தபட்ச ஓட்டங்களின் விகிதம்) 50 உள்ள ஈக்வல் பர்சென்டேஜ் வால்வு (சம அளவு திறக்கும்போதெல்லாம் ஓட்டம் ஒரே சதவீதத்தில் ஏறும் வகை) பாதி திறந்தால் பாதி நீராவி போகாது; அழுத்த வித்தியாசம் மாறாவிட்டால் 14% அளவுதான். கட்டுப்பாட்டு லூப்பை மேனுவலில் போட்டு, மணிக்கு 3, 6, 9 கனமீட்டர் வரத்தில் 70 டிகிரி நிலைக்கும் திறப்பைக் குறித்து, அந்த அட்டவணையை பிஎல்சியில் (கட்டுப்பாட்டுக் கணினியில்) ஏற்றுங்கள்.

———

ஃபீட் ஃபார்வர்ட் ஃபார்முலாவில் செட் பாயிண்ட்டிலிருந்து (வேண்டிய வெப்பநிலை, இங்கே 70) உள்வரும் வெப்பநிலையைக் கழியுங்கள். அளந்த வெளியேறும் வெப்பநிலையைப் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தப்பு. அது 66-க்கு இறங்கினால் கணக்கு 40-க்குப் பதில் 36 என்று எடுத்து நீராவியை 10% குறைக்கும். பிஐடி ஒரு பக்கம் இழுக்க, இது எதிர்ப்பக்கம் இழுக்கும்.

பிஐடி அவுட்புட்டும் ஃபீட் ஃபார்வர்டும் கூட்டப்பட்டு வால்வுக்குப் போகும். பிஐடி அவுட்புட் எல்லை 0–100 என்றே இருந்தால் அதனால் கூட்டத்தான் முடியும், கழிக்க முடியாது. −30 முதல் +30 வரை என்று தொடங்கலாம். கூட்டுத்தொகை 0 அல்லது 100-ஐத் தொட்டதும் இன்டெக்ரல் (பிழையைச் சேர்த்துக்கொண்டே போகும் பிஐடியின் பகுதி) அந்தத் திசையில் ஏறாமல் நிற்க வேண்டும். ஆட்டோவுக்கு மாற்றும் நொடியில் பிஐடியின் தொடக்க மதிப்பு, வால்வின் அப்போதைய திறப்பில் ஃபீட் ஃபார்வர்டைக் கழித்தது. இதை விட்டால் வால்வு துள்ளும்.

———

ஃப்ளோ மீட்டர் ஓரிஃபைஸ் வகையா (துளைத் தகட்டின் இருபுற அழுத்த வித்தியாசத்தை அளப்பது)? அந்த வித்தியாசம் ஓட்டத்தின் வர்க்கமாக மாறும். வர்க்கமூலம் எங்கே எடுக்கப்படுகிறது என்று முதலில் பாருங்கள். எங்கேயும் எடுக்காவிட்டால் பாதி ஓட்டத்தில் 4–20 மில்லியாம்பியர் சிக்னலில் 8 மில்லியாம்பியர், அதாவது 25% என்று படிக்கும். டிரான்ஸ்மிட்டர், பிஎல்சி இரண்டிலும் எடுத்தால் 71%. இரண்டையுமே கெயினை (பெருக்கும் எண்ணை) மாற்றிச் சரிசெய்ய முடியாது.

மின் ஹீட்டருக்கு வோல்டேஜே இடைஞ்சல். 230 வோல்ட் 207 ஆனால் சக்தி 81% ஆகிவிடும். அவுட்புட்டை 230/207-ன் வர்க்கத்தால், அதாவது 1.23-ஆல் பெருக்குங்கள். ஹீட்டர் ஏற்கெனவே 81%-க்கு மேல் ஓடினால் பெருக்கியும் பயனில்லை, கையிருப்பு கிடையாது.

குறைந்த வரத்தில் மட்டும் ஆட்டம் என்றால் கெயினைத் தொடாதீர்கள். ஸ்டீம் ட்ராப் (நீராவியை விடாமல் நீரை மட்டும் வெளியே விடும் கருவி) கண்டென்சேட்டை (நீராவி குளிர்ந்து ஆன நீரை) வெளியேற்றுகிறதா என்று பாருங்கள்.