'கோச் பிரைம்' டியான் சாண்டர்ஸின் முதல் சீசன், கொலராடோ பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணி, 2023: மறக்க முடியாத ஆட்டம் எது?

போல்டர்வாசி:
எல்லாரும் டிசியூ (டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) ஆட்டத்தைத்தான் சொல்வீர்கள். 45-42 என்று வென்றோம், பந்து வீசும் குவார்ட்டர்பேக் ஷெடர், கோச்சின் மகன், 510 யார்டு வீசினார், சரி. எனக்கு இன்னும் உறுத்துவது ஸ்டான்ஃபோர்டு. அக்டோபர் 13, வெள்ளி ராத்திரி, இடைவேளையில் 29-0 என்று நாம் முன்னிலை. அப்புறம் ஓவர்டைம் வரை போனது. ஸ்டான்ஃபோர்டின் அயோமனோருக்கு வந்த அந்தப் பந்து! நம்ம டிராவிஸ் ஹன்டர் ஆளை விடாமல் ஒட்டிக்கொண்டுதான் ஓடினார். ஹன்டரின் ஹெல்மெட்டின் மேலேயே பந்தை அழுத்திப் பிடித்துவிட்டார் அயோமனோர். டச்டவுன். பக்கத்து இருக்கைப் பெரியவர், 1990 சாம்பியன் அணியை மாணவராக இருந்தபோது பார்த்தவராம், "ஹன்டர் என்ன தப்பு செய்தான்?" என்று என்னைக் கேட்டார். என்ன சொல்வது? கடைசியில் 46-43 என்று தோற்றோம்.

காலின்ஸ் மணி:
ஹன்டர் ஒரு தப்பும் செய்யவில்லை. செப்டம்பர் 16, கொலராடோ ஸ்டேட் (இதே மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழகம்) ஆட்டத்தில் ஒருவர் தாமதமாக வந்து இடித்ததில் அவருக்குக் கல்லீரல் கிழிந்தது. ஒரு மாதத்துக்குள் திரும்பி வந்த பையனை ஸ்டான்ஃபோர்டு ஆட்டத்தில் தாக்குதல், தடுப்பு என இரண்டு பக்கமும் ஆடவிட்டார்கள். கேள்வியை கோச்சிடம் கேட்க வேண்டும். அந்த செப்டம்பர் ஆட்டத்தில் நான் பச்சைச் சட்டை போட்ட எதிரணி ரசிகர்கள் நடுவே இருந்தேன். நமக்கு எட்டுப் புள்ளி பின்னடைவு, பந்து நம் 2 யார்டு கோட்டில். அங்கிருந்து ஷெடர் 98 யார்டு கொண்டுபோனார். கடைசி வீச்சு நம் ஜிம்மி ஹார்ன் கைக்குப் போனதும் என்னைச் சுற்றி அத்தனை பேரும் தலையில் கை வைத்துவிட்டார்கள்.

டென்வர் அக்கா:
நெப்ராஸ்கா ஆட்டத்துக்குப் போனோம், 36-14, அருமை. இனி போகிறவர்களுக்குச் சொல்கிறேன். அணியின் அடையாளமான ரால்ஃபி காட்டெருமை மைதானத்தில் ஓடுவது ஆட்டம் தொடங்கும் முன்பும் இரண்டாம் பாதிக்கு முன்பும்தான், அதனால் முன்கூட்டியே இருக்கையில் இருங்கள். உள்ளே கொண்டுபோகும் பை கண்ணாடி மாதிரி தெரிய வேண்டும். அக்டோபர் என்றால் பகலில் வெயில் அடித்தாலும் ஜாக்கெட் கட்டாயம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் மேல் வரிசை டிக்கெட் எடுக்காதீர்கள். போல்டர் கடல் மட்டத்திலிருந்து 5,000 அடிக்கு மேல் இருக்கும் ஊர், படியேறினால் மூச்சு வாங்கும். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள்.

எல்.ஏ. தம்பி:
மணி அண்ணா, கோச்சை மட்டும் சொல்வது நியாயமில்லை. 2022-ல் 1-11 (ஒரு வெற்றி, 11 தோல்வி) என்று கிடந்த அணி. 50 பேருக்கு மேல் புது ஆட்களைக் கொண்டுவந்து 4-8 ஆக்கினார். பழைய பையன்களை வெளியே அனுப்பிய விதம் எனக்கும் பிடிக்கவில்லை, அது வேறு. தோற்கடித்தது அஃபென்சிவ் லைன், அதாவது ஷெடரைக் காக்க வேண்டிய முன்வரிசை. ரோஸ் பௌல் மைதானத்தில் யூசிஎல்ஏ அணியோடு நடந்த ஆட்டம் பார்த்தேன். ஷெடரை ஏழு தடவை தரையில் சாய்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் எழுந்திருக்கிற வரை என் மனைவி உட்காரவே இல்லை. சீசன் முழுக்க 50 தடவைக்கு மேல் விழுந்திருக்கிறார். அந்த லைனை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன ஆட்டம் ஆடுவீர்கள், சொல்லுங்கள்?

காலின்ஸ் மணி:
தம்பி, அந்த லைனுக்கு ஆள் எடுத்தவரும் அவர்தானே?