கம்பளி கோட்டில் வெள்ளைப் பூஞ்சணம்: மெஷினில் போடலாமா?

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்):
அக்கா கல்யாணத்துக்கு அளவெடுத்துத் தைத்த கருநீலக் கம்பளி சூட். நேற்று அலமாரியைத் திறந்தால் காலருக்கு அடியிலும் அக்குளிலும் மாவு தூவியதுபோல் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. மக்கல் வாடை வேறு. டோபி கடையில் கொடுத்த பிளாஸ்டிக் உறையோடுதான் தொங்குகிறது, அந்துருண்டையும் போட்டிருக்கிறேன். வரும் சனிக்கிழமை ஒரு விருந்து இருக்கிறது. மெஷினில் போட்டு வெயிலில் காய வைத்தால் போதுமா?

பதில் (தையற்காரர், பினாங்கு):
மெஷின் வேண்டவே வேண்டாம் தம்பி. வெளித்துணி, உள்ளே இருக்கும் கேன்வாஸ், தோள் பஞ்சு எல்லாம் ஒரே அளவில் சுருங்காது. மார்புப் பக்கம் நெளிந்துவிட்டால் சரிசெய்வது ரொம்பக் கஷ்டம்.

கோட்டை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய், முகக்கவசம் போட்டுக்கொண்டு, மென்மையான பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தட்டி எடுங்கள். உள்ளே தட்டினால் மற்றத் துணிகளுக்கும் பரவும். காலரைத் தூக்கிப் பாருங்கள், பாக்கெட் மூடிக்கு அடியிலும் பாருங்கள். அங்கேதான் ஒளிந்திருக்கும். அப்புறம் நிழலில் காற்றாட விடுங்கள். நேர் வெயிலில் கருநீலம் வெளுத்துவிடும்.

பிறகு டிரை கிளீனிங். பூஞ்சணம் என்று சொல்லி, இடத்தையும் காட்டிக் கொடுங்கள். பேண்ட்டையும் சேர்த்தே கொடுங்கள், இல்லாவிட்டால் நாளடைவில் இரண்டும் நிறம் மாறி நிற்கும்.

பதில் (அம்பாங்):
தம்பி, அந்துருண்டை பூச்சிக்குத்தான், பூஞ்சணத்தைத் தடுக்காது. நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. பிளாஸ்டிக் உறை அந்த ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும். பருத்தி உறைக்கு மாற்றுங்கள், துணிகளை நெருக்கி மாட்டாதீர்கள். ஈரம் உறிஞ்சும் டப்பா வைத்தால் சாயாத மூலையில் வையுங்கள். அதில் இருப்பது கால்சியம் குளோரைடு. சேர்ந்த தண்ணீர் கொட்டினால் துணி பாழ்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. பிரஷ் போட்டதும் வாடை பாதி குறைந்துவிட்டது. இனி ஒவ்வொரு முறை உடுத்திய பிறகும் டிரை கிளீனிங் கொடுக்க வேண்டுமா?

பதில் (தையற்காரர், பினாங்கு):
வேண்டாம். அடிக்கடி கொடுத்தால் கம்பளி உயிரிழந்துபோகும். கறையோ வியர்வை வாடையோ இருந்தால் மட்டும் கொடுங்கள், ஆனால் அப்படி இருப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். பூஞ்சணத்துக்கு அந்த அழுக்குதான் தீனி. மற்றபடி பாக்கெட்டைக் காலி செய்து, அகலத் தோள் உள்ள மர ஹேங்கரில் ஓர் இரவு அலமாரிக்கு வெளியே மாட்டுங்கள். இஸ்திரி போட்டால் மேலே ஈரத்துணி விரித்துப் போடுங்கள். நேராகச் சூடு பட்டால் முழங்கையும் காலரும் பளபளத்துவிடும்.