கடை வாசலுக்கு சோச்சின் விளக்கு: மடக்கினால் கிழியுது, லோகோ விலகுது

வடசேரி டீசர்ட்:
அண்ணன்மாரே, நாகர்கோவில்ல ஸ்ட்ரீட்வேர் கடை வாசலுக்கு 30 செ.மீ. உருண்டையா ஜப்பான் சோச்சின் (மடக்குற தாள் விளக்கு) ஆறு வேணும். மூங்கில் வளையம், பட்டத்தாள், மைதா பசை. மடக்கினா தாள் கிழியுது. ஜப்பான் எழுத்துல பிரிண்ட் போட்டு ஒட்டின லோகோ இணைப்புல விலகி நிக்குது. எங்கே தப்பு?

ஈர்க்குச்சீவி:
தாள்தான் முதல் தப்பு. பட்டத்தாளில் நார் குட்டை, மடிப்பில் வெடிக்கும். ஜப்பானில் கோசோங்கிற மல்பெரி வகைப் பட்டையில் செய்த வாஷி (கைத்தாள்), நார் நீளம். மல்பெரி நார்த்தாள் வாங்குங்க.

ஜப்பானில் கிஃபு ஊர் முறையில் தனி வளையம் கிடையாது, ஒரே சுருள். பிறை மாதிரி வெட்டின 12 பலகையை மேலும் கீழும் வட்டத்தட்டில் செருகினால் அச்சு. வெளி விளிம்பில் 1 செ.மீ.க்கு ஒரு வெட்டு. ஈர்க்கு (மெல்லிசா சீவின மூங்கில்) அதில் உட்காரும். உயரம் 27 வைத்தால் வாய் 13 செ.மீ. வரும். காய்ந்தபிறகு பலகை ஒவ்வொன்றாக அந்த வாய் வழியாத்தான் வெளியே வரணும், பலகை அகலம் 4 செ.மீ. போதும். ஒரு விளக்குக்கு ஈர்க்கு சுமார் 25 மீட்டர். ஈர்க்குத் துண்டுகளை இணைக்க முனைகளைச் சரிவாகச் சீவி, ஒன்றின் மேல் ஒன்று 3 செ.மீ. ஏற்றி, தாள் சுற்றி ஒட்டுங்க.

தாள் ஒட்டுமுன் மேலிருந்து கீழே பருத்தி நூல் ஓட்டணும். பலரும் விடுறது இதைத்தான். நூல் இல்லைன்னா சுருள் தன் கனத்தில் தாறுமாறா விரிந்து தாளை இழுக்கும். பசை ஈர்க்கில் மட்டும். அச்சைக் கழற்றினதும் லேசா ஈரம் காட்டி, ஒவ்வொரு இடைவெளியையும் உள்பக்கமா மடித்துப் பழக்குங்க.

தூரிகை:
லோகோவை அச்சடித்து ஒட்டாதீங்க. ஒரு தாள் இதழ் (இரண்டு பலகைக்கு நடுவில் ஒட்டுற துண்டு) நடுவில் 8 செ.மீ.தான், 20 செ.மீ. லோகோ மூணு இதழில் ஏறும். ஒட்டில் 1 மி.மீ. விலகினாலும் கண்ணில் குத்தும். விளக்கு முடிந்தபிறகு கையால் எழுதுங்க: ஓரக்கோடு முதலில், நிரப்பு பிறகு. டீசர்ட்டுக்குப் போடுற ரப்பர் இங்க் வேண்டாம், மடிப்பில் உதிரும். தண்ணியாக் கலந்த அக்ரிலிக் இரண்டு பூச்சு. மெல்லிய படுக்கைக்கோடு ஈர்க்கு நிழலோடு கலந்திரும், கட்டையா எழுதுங்க.

அர்த்தம் தெரியாத ஜப்பான் எழுத்து எதுக்கு? இசகாயா (ஜப்பான் மதுக்கடை) வாசலில் தொங்குற சிவப்பு சோச்சினும் கடைப்பலகைதான். கடைப்பேரைத் தமிழிலேயே எழுதுங்க. புள்ளியை மட்டும் பெரிசா வையுங்க. மடிப்புக்குள்ள போச்சுன்னா 'க்' 'க' ஆயிரும்.

வடசேரி டீசர்ட்:
கிறிஸ்துமஸ் ஸ்டாருக்குச் சீவுற மூங்கில் ஆகுமா?

ஈர்க்குச்சீவி:
அது தடிப்பு. 1.5 மி.மீ.க்குச் சீவினா ஆகும். பல்பு 5 வாட்ஸ் எல்இடி, தாளில் படாம நடுவில் தொங்கணும். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்கு உள்ளே எடுத்துருங்க, மைதா பசை ஈரத்தில் விட்டிரும்.